பனை மாநில மரம். பனையேறி யார்?

கோடை பிறந்துவிட்டால் நம் கைப்பேசிகளில் பனை வந்துவிடும். நுங்கு வெட்டும் வீடியோ, பதநீர்க் குவளை, ஓலைப் பெட்டியில் கருப்பட்டி, கூடவே 'நம்ம பாரம்பரியம்' என்று ஒரு வரி. கல்லூரியில் பனை விதை நடும் விழா நடக்கும். நடுவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் படங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மரம் இருக்கும், நுங்கு இருக்கும். இறக்கிய ஆள் இருக்க மாட்டார். இருந்தாலும் கீழே நின்று எடுத்த நிழலுருவமாக, முகம் தெரியாமல் இருப்பார்.

2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்குவதாக அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. மரத்துக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. வரவேற்போம். அந்த மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறவருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வியைத்தான் தோழர்களே, நாம் கேட்க வேண்டும்.

ஒரு நாள் கணக்கு

தென்மாவட்டங்களில் பனை சீசன் தை, மாசியில் தொடங்கி ஆடி வரை போகும். பாளை வெளியே வந்ததும் அதைக் கடிப்பால் இடுக்கிப் பக்குவப்படுத்த வேண்டும். பிறகு நாள் தவறாமல் நுனியை மெலிதாகச் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் பாளை காய்ந்து ஊறல் நின்றுவிடும். அதனால் சீசனில் இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காய்ச்சலுக்கும் விடுப்பில்லை. சாவு வீட்டுக்குப் போனாலும் சாயங்காலத்துக்குள் திரும்பி மரத்தடிக்கு வர வேண்டும்.

வெயில் ஏறினால் பதநீர் புளிக்கத் தொடங்கும். ஆகவே விடியும் முன்பே வேலை ஆரம்பம். காலையில் ஒரு ஏற்றம், மாலையில் ஒரு ஏற்றம். இடுப்பில் அரிவாள்பெட்டி, அதில் பாளை அரிவாள், கலயத்துக்குள் தடவச் சுண்ணாம்பு, நெஞ்சில் தோல், காலில் தளைநார். மரத்தின் அடிப்பகுதியைக் கடக்க முருக்குத்தடி. பெயர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், வேலை ஒன்றுதான். இரு கையாலும் மரத்தைக் கட்டிப்பிடித்து, தளை போட்ட இரு காலையும் சேர்த்து உந்தி ஏறுகிறார். தளைநார் பாதங்களை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். கை நழுவினால் உடம்பைத் தாங்க ஒரு கயிறும் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒருவருக்கு முப்பது மரம், மரம் ஐம்பது அடி உயரம் என்று வையுங்கள். நாளைக்கு இரண்டு முறை ஏறினால் மூவாயிரம் அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். சென்னை அண்ணா சாலையில் இருக்கும் எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் தினமும் பதினேழு தடவை ஏறி இறங்குவதற்குச் சமம். இறங்கும்போது இடுப்பில் நிறைந்த குடுவையும் தொங்கும்.

மேலே போனால் பனைமட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும். இரு ஓரமும் ரம்பப் பற்களாக இருக்கும் அந்தக் கருக்கைத்தான் பாமா 1992-இல் வெளிவந்த தன் நூலுக்குப் பெயராக வைத்தார். ஓலை இடுக்கில் தேள் இருக்கும், கதண்டு கூடு கட்டியிருக்கும். மழை பெய்தால் மரம் வழுக்கும். பல வருடம் ஏறியவரின் நெஞ்சையும் கணுக்காலையும் பார்த்தால் போதும், தொழில் என்னவென்று கேட்க வேண்டியதில்லை. தோல் காய்ப்பேறிக் கறுத்திருக்கும்.

கீழே இன்னொரு வேலை நடக்கிறது. இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். விடிலிக்குள் ஓலையும் மட்டையும் எரியும் புகையில் மணிக்கணக்கில் நின்று கிண்டி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்ற வேண்டும். எட்டு, பத்து லிட்டர் பதநீர் வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. அதற்கு விறகு பொறுக்குவதும் அவர்தான். பனைத் தொழிலாளி என்று நாம் சொல்லும்போது நம் மனதில் அந்தப் பெண் வருவதே இல்லை.

விழுந்தவர் யாருடைய தொழிலாளி?

மரம் ஏறுபவர் விழுந்தால் உயிர் போகும், அல்லது முதுகுத்தண்டு போகும். முதுகுத்தண்டு போனவர் பிழைத்தாலும் அதற்குப் பிறகு சிறுநீர்க் குழாய், படுக்கைப்புண், கடன், பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை என்று அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே மாறிவிடுகிறது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில் பனை சீவும் வேலையையும் மரம் வெட்டும் வேலையையும் சேர்த்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே இது ஆபத்தான வேலை என்று தெரிந்திருக்கிறது. அந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இழப்பீடு கேட்க ஒரு முதலாளி வேண்டும். பனையேறிக்கு முதலாளி யார்?

மரம் நிலக்காரருடையது. ஏறுபவர் பாட்டத்துக்கு எடுக்கிறார், அல்லது வாரத்துக்கு ஏறுகிறார். பாட்டம் எடுத்ததால் காகிதத்தில் அவர் 'சொந்தத் தொழில்' செய்பவர். சீசன் தொடங்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அதனால் கருப்பட்டியை அந்த வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். லாபம் வரும்போது நிலக்காரரும் வியாபாரியும் பங்குக்கு வருகிறார்கள். விழுந்தால் மட்டும் அவர் தன்னந்தனி ஆள். தேங்காய் பறிப்பவருக்கும் இதே கதை. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நாளைக்கு நான்கு தோப்பு. எந்தத் தோப்பில் விழுந்தாலும், 'நான் வேலைக்கு வைத்த ஆள் இல்லையே, கூப்பிட்டேன், வந்தார்' என்பார்கள்.

பனைமரத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. விபத்துக்கும் இறப்புக்கும் உதவித்தொகை உண்டு. பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்து வைத்திருந்தால்தான் உண்டு. தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' காப்பீடும் இருக்கிறது, ஆனால் அது தென்னை ஏறுபவருக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, நாகைப் பகுதியின் தென்னைகளைச் சாய்த்தபோது நிவாரணம் மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. மரம் வைத்திருந்தவர் அந்தக் கணக்கில் வந்தார். அந்த மரங்களில் ஏறிப் பிழைத்தவருக்கு மரக்கணக்கில் இடமில்லை. புதுக்கன்று காய்க்கும் வரை அவர் எதை ஏறுவார்?

வேறு நாட்டில் இதே வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனில் மரம் ஏறிக் கிளை கழிப்பவரை ஆர்பரிஸ்ட் என்கிறார்கள். அதற்குப் பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு. ஏறுபவர் இடுப்புப் பட்டையும் கயிறும் ஹெல்மெட்டும் போட வேண்டும். உயரத்தில் செய்யும் வேலை பற்றிய 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி, விபத்து நடந்தால் எப்படி மீட்பது என்று முன்பே திட்டம் வைத்திருக்க வேண்டும். மேலே ஏறி மீட்கத் தெரிந்த இன்னொருவர் அருகில் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் நடைமுறை. ஆளைத் தாங்கும் கருவிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். அங்கும் அது ஆபத்தான வேலைதான், அங்கும் ஆட்கள் சாகிறார்கள். ஆனால் செத்தால் விசாரணை நடக்கும். இங்கே 'விதி' என்று சொல்லி எரித்துவிடுகிறோம். உயரம் ஒன்று, புவியீர்ப்பும் ஒன்று. அங்கே அது ஒரு தொழில். இங்கே அது ஒரு சாதி.

தீட்டு எங்கே இருந்தது

அம்பேத்கர் 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேசவிடாமல் தடுக்கப்பட்ட 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் இதைத்தான் விளக்கினார். வேலையைப் பிரித்துக்கொள்வது எல்லா நாட்டிலும் உண்டு. வேலை செய்கிறவரையே பிறப்பால் பிரித்து, ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைப்பது சாதி. மரமேறுதல் அதற்கு நல்ல உதாரணம்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கள்ளுச் சீவும் தொழிலோடு பிறப்பால் கட்டப்பட்டவர்கள் நளவர். பள்ளர், பறையர், வண்ணார், அம்பட்டரோடு சேர்த்து அவர்களைப் பஞ்சமர் என்றார்கள். கோயிலுக்குள் விடவில்லை, கிணற்றில் அள்ள விடவில்லை, தேநீர்க் கடையில் சரிசமமாக உட்கார விடவில்லை. அவர் சீவி இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்த அதே ஊர் இது. அவர் கையால் இறக்கிய கள்ளில் தீட்டில்லை, அவர் வாய் வைத்த தேநீர்க் குவளையில் தீட்டு இருந்தது! பண்டத்தில் ஒட்டாத தீட்டு ஆளில் மட்டும் எப்படி ஒட்டியது?

1957-இல் இலங்கை நாடாளுமன்றம் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. சட்டம் வந்தும் கடை திறக்கவில்லை, கோயில் திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து கிளம்பிய ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தேநீர்க் கடைப் போராட்டங்களும், 1968-இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும்தான் கதவைத் தள்ளின. கே. டானியல் தன் 'பஞ்சமர்' நாவலை எழுதியது இந்த அனுபவங்களிலிருந்துதான். ஈழத்துப் பனையைத் தமிழ் அடையாளமாகக் கொண்டாடும் மேடைகளில் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள்.

'நாடார் பிரச்சினை நமக்கெதற்கு?'

தமிழ்நாட்டில் இதைப் பேசினால் சில இளம் தோழர்களிடமிருந்து வரும் கேள்வி இது. பனையேறிகளில் பெரும்பகுதியினர் நாடார் சமூகம், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள், சில ஊர்களில் நம்மை ஒடுக்குபவர்களும்கூட. அவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்கிறார்கள். நேர்மையான கேள்வி. நேராகவே பதில் சொல்வோம்.

முதலாவது, வரலாறு. திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கு 1859-ஆம் ஆண்டுப் பிரகடனம் வரை போராட வேண்டியிருந்தது. கோயில் நுழைவு கேட்ட பகையில் 1899-இல் சிவகாசி தாக்கப்பட்டது. கமுதிக் கோயில் வழக்கு 1908-இல் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. மரமேறியதால் இழிந்தவர் என்று அந்த நீதிமன்றங்களில் வாதாடிய வாயும், நம்மைச் சேரிக்கு அனுப்பிய வாயும் ஒன்றுதான்.

இரண்டாவது, அந்த வரலாறு எப்படி முடிந்தது என்பது. உறவின்முறை, மகமை, பள்ளிக்கூடம், வணிகம், 1910-இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் என்று ஒரு சமூகம் எழுந்தது. அது மதிக்க வேண்டிய எழுச்சி. கேரளத்தில் ஈழவரிடையே நாராயண குரு கள் தொழிலையே கைவிடச் சொன்னார். இரண்டு இடத்திலும் விடுதலைக்கான பாதை மரத்தை விட்டு இறங்குவதாக இருந்தது. கல்வியும் நிலமும் கடையும் கிடைத்தவர்கள் இறங்கினார்கள். கிடைக்காதவர் இன்னும் மரத்தில்தான் இருக்கிறார். சொந்த சாதிக்காரரின் தோட்டத்திலேயே வாரத்துக்கு ஏறுகிறார். சாதி உயர்ந்தது, ஏறுபவர் உயரவில்லை. ஒடுக்கப்பட்ட எந்தச் சமூகமும் படிக்க வேண்டிய பாடம் இது, நாமும்தான். நம்மில் பத்துப் பேர் அதிகாரியாகிவிட்டால் மலக்குழியில் இறங்குபவர் தானாக மேலே வந்துவிடுவாரா?

மூன்றாவது, மரமேறுகிறவர்கள் ஒரே சாதி என்பதே தவறு. தென்னந்தோப்புகளில் தேங்காய் பறிப்பவர்களில் தலித்துகள் ஏராளம். புயலடித்த மறுநாள் நகரச் சாலையில் கயிறும் அரிவாளுமாக மரம் கழிக்க வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுப் பாருங்கள். நம்மை ஒடுக்கும் நாடாரை எதிர்ப்போம். வன்கொடுமை வழக்கில் சமரசம் கிடையாது. அதே மூச்சில், விழுந்த பனையேறிக்காகவும் பேசுவோம். இரண்டும் ஒரே அரசியல்தான்.

கள்ளும் கருவியும்

மதுவிலக்கின் சுமையை யார் சுமந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பெண்கள் அதை வரவேற்றார்கள், அதற்கு நியாயம் இருந்தது. கலயத்தைக் கழற்ற வேண்டி வந்தவர் சீவல் தொழிலாளி. 1987 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கள் தடை செய்யப்பட்டது. 2003-இல் டாஸ்மாக் வழியாக அரசே சில்லறை மது வணிகத்துக்கு வந்தது. ஆலைச் சாராயம் அரசுக்கு வருமானம், மரக் கள் குற்றம். பக்கத்துக் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை நடக்கிறது. கள் நல்லது, குடியுங்கள் என்று நான் பிரச்சாரம் செய்யவில்லை. குடியால் அழிந்த நம் குடும்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். விற்பனையை ஒழுங்குபடுத்துங்கள், கட்டுப்படுத்துங்கள். ஏறுபவரைக் குற்றவாளியாக்கும் பிரிவை நீக்குங்கள் என்பதே என் நிலைப்பாடு.

'மெஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பவர்களும் உண்டு. கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் உருவான தென்னையேறும் கருவி பரவலாகப் பயன்பாட்டில் இருக்கிறது. 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மர நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியபோது பெண்களும் படித்த இளைஞர்களும் வந்து பழகினார்கள். கருவி, பயிற்சி, காப்பீடு, கௌரவமான ஒரு பெயர் ஆகிய நான்கும் சேர்ந்தபோது, 'மரமேறி' என்று ஏசப்பட்ட வேலைக்குப் புது ஆட்கள் வந்தார்கள். இழிவு மரத்தில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் பனைக்கு இது அப்படியே பொருந்தாது. பனையின் அடி பருத்திருக்கும், மேலே போகப் போகச் சுற்றளவு மாறும், மட்டைத் தழும்புகள் கருவியைத் தடுக்கும். தேங்காய் பறிக்க ஒரு மரத்துக்கு மாதக் கணக்கில் ஒருமுறை ஏறினால் போதும். பாளை சீவ ஒரே நாளில் முப்பது மரத்துக்கு இரண்டு முறை ஏற வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் கருவியை மாட்டிக் கழற்ற நேரம் கிடையாது. ஆகவே பனையேறியோடு உட்கார்ந்து, அவர் வேகத்துக்கு ஒத்துவரும் பாதுகாப்புக் கயிற்றை உருவாக்க வேண்டும். பொறியியல் படிக்கும் தோழர்களே, உங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு என்ன இருக்கிறது?

என்ன கேட்கப் போகிறோம்

மரமேறும்போது விழுந்தால், வாரியப் பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு. மரத்தின் பலனில் பங்கு வாங்கும் நிலக்காரரையும் முன்பணம் கொடுக்கும் வியாபாரியையும் இழப்பீட்டுப் பொறுப்புக்குள் கொண்டுவரும் விதி. புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் பனைகளை ஏலம் விடாமல், ஏறுபவர்களின் கூட்டுறவுக்கு நீண்டகாலக் குத்தகை. கருப்பட்டி காய்ச்சும் பெண்ணுக்குத் தனி உறுப்பினர் அட்டை. ஐ.டி.ஐ.யில் மரமேறுதலுக்கும் மீட்புக்கும் ஒரு சான்றிதழ்ப் படிப்பு, எந்தச் சாதிப் பிள்ளையும் சேரும் வகையில். கூடவே, ஏற விரும்பாத பிள்ளைக்கு ஏறாமல் இருக்கும் உரிமை: விடுதியும் உதவித்தொகையும். இந்தத் தொழிலில் நீடிப்பதும் விலகுவதும் அவரவர் விருப்பமாக வேண்டும். இதுவரை இரண்டையும் சாதிதான் முடிவு செய்தது.

மாணவர்கள் நாளையே தொடங்கலாம். இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் மரமேறுபவர்களின் பட்டியல் எடுங்கள். எத்தனை மரம், யாருடைய மரம், என்ன பங்கு, எவ்வளவு முன்பணம், வாரிய அட்டை இருக்கிறதா, எப்போது புதுப்பித்தார் என்று கேளுங்கள். கடந்த பத்தாண்டில் விழுந்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். காய்ச்சும் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். அட்டை இல்லாதவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியலோடு ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள்.

இன்னொன்றையும் ஊரில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். மரத்திலிருந்து விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. உட்கார வைக்கக் கூடாது. கழுத்தும் முதுகும் அசையாமல் அப்படியே படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து உடம்பை நேராக வைத்துப் பலகையில் ஏற்றுங்கள். அடிபட்ட தண்டுவடம் தூக்கும்போது இன்னும் கெட்டுவிடக் கூடும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, ஒரு மாலைக் கூட்டம் போதும்.

அடுத்த தடவை பனை விதை நடும் விழாவுக்கு உங்களை அழைத்தால் போங்கள். உங்கள் ஊர்ப் பனையேறி ஒருவரையும் மேடைக்கு அழைக்கச் சொல்லுங்கள். நிழலுருவமாக நிற்க வைக்காமல் மைக்கை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.

ஜெய்பீம்.